அந்த வாரம் அவர் ஊரில் இருந்தார்

18 ஜனவரி 2024

காலையிலிருந்து வெங்காயம் பிடுங்கல். ஆள் கிடைக்காததால் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் காட்டில் இறங்கிவிட்டோம். பக்கத்துக் காட்டுக்காரர் அமாவாசை வரப்பில் நின்றுகொண்டு, "ஏம்மா பானு, ஒன் லீவு இன்னும் முடியலியா? பிளேனு துருப்புடிச்சுடப் போவுது" என்று சிரித்தார். அப்பா தலை நிமிரவில்லை. லீவு என்று ஊருக்குச் சொல்லி வைத்தது அவர்தான்.

மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது போனைப் பார்த்தேன். நான் வேலை பார்த்த நாட்டிலிருந்து அருள் அண்ணன் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தை இல்லை. அந்த நாட்டின் விமானப் பாதுகாப்பு பற்றிய சர்வதேசத் தணிக்கை முடிவு வந்துவிட்டது. விமானங்களையும் விமானிகளையும் சோதிக்க வேண்டிய அரசுத் துறை அந்த வேலையைச் செய்யவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். கடுமையான கவலைக்குரிய நாடுகளின் பட்டியலில் அதுவும் சேர்ந்தாயிற்று. ஐரோப்பாவில் இனி அந்த நாட்டு விமானம் எதுவும் இறங்கக் கூடாது.

அந்த நாட்டின் பெயரை இந்த நோட்டில் எழுதப் பிடிக்கவில்லை. நாலு வருஷம் அங்கே கோ-பைலட்டாக ஓட்டியது போதும்.

முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்வானேன். நான் சொன்னபோது யார் கேட்டார்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பி சிமுலேட்டரில் உட்கார வைக்க வேண்டும். நிஜ விமானத்தில் செய்து பார்க்க முடியாததையெல்லாம் — மேலே ஏறும்போது இன்ஜின் நிற்பது, உள்ளே புகை சூழ்வது — அந்தப் பெட்டிக்குள்தான் பழக வேண்டும். ஒன்றரை வருஷம் அனுப்பவில்லை. அப்புறம், அப்புறம் என்றார்கள். ஒருநாள் நாங்கள் எல்லாரும் போய்வந்துவிட்டதாகக் காகிதம் வந்தது. அரசுத் துறையிலிருந்து வந்த சோதனை கேப்டன் காபி குடித்துக்கொண்டே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நாங்களும் போட வேண்டும். நான் போடமாட்டேன் என்றேன். அடுத்த மாத டியூட்டி ரோஸ்டரில் என் பெயர் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அப்படி வந்ததுதான் இந்த லீவு.

அப்புறம்தான் உறைத்தது. என் லைசென்ஸும் அதே துறை கொடுத்ததுதானே?

வெங்காயத் தாள் வாடை கையை விட்டுப் போகவில்லை.

22 ஜனவரி

அருள் அண்ணன் கூப்பிட்டார். வரதராஜன்பேட்டைக்காரர், அந்தக் கம்பெனியில் கேப்டன். நான் சேர்ந்த முதல் வாரம் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பெரம்பலூரா? எந்தப் பக்கம்? பாடாலூரா! நான் ஜெயங்கொண்டத்துக்கு அந்தாண்ட" என்று தமிழில் கேட்டவர். வலது சீட்டில் உட்கார்ந்து நான் கற்றதில் பாதி, அவர் இடது சீட்டிலிருந்து சொன்னது.

"உள்ளூர் பிளைட்டெல்லாம் ஓடுது பானு. தடையெல்லாம் வெளிநாட்டுக்குத்தான். இங்க ஜனங்க ஏறிக்கிட்டேதான் இருக்கு."

ஏறாமல் என்ன செய்வார்கள்? மழை பிடித்தால் ரோடே இல்லாத ஊர்கள். பிரசவத்துக்குப் போகிறவளும் அதில்தான் போக வேண்டும். ஐரோப்பாக்காரர்களின் உயிரைத் தடை போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். இவர்களை யார் காப்பது?

"நீங்களும் வந்துடுங்கண்ணா."

"வந்து? அப்பா கூட முந்திரிக்கொட்டை பொறுக்கவா?" சிரித்தார். பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது. "சரி, போர்டிங் ஆயிடுச்சு. வச்சிடறேன்."

20 பிப்ரவரி

டில்லி விமானத் துறையிலிருந்து பதில். என் லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்றக் கேட்டிருந்தேன். லைசென்ஸ் உண்மையானது என்று அதைக் கொடுத்த நாடு உறுதி சொல்ல வேண்டும். அந்த நாட்டின் உறுதியை இப்போது ஏற்கலாமா என்பதே பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை நிறுத்திவைப்பு.

மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. திட்டக்கூட ஆள் இல்லை.

7 மார்ச்

சென்னை போய்வந்தேன். ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. எதிரில் இருந்தவர் என் ஃபைலைப் புரட்டினார். நாட்டின் பெயர் வந்த இடத்தில் கை நின்றது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஓட்டினதா எழுதியிருக்கிற இத்தனை மணி நேரமும் நிஜம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"என்னை ஒரு சிமுலேட்டர்ல உட்கார வச்சுப் பாருங்க சார்" என்றேன்.

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

பாடாலூரில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். என் அண்ணன் சுரேஷ்குமார் டயர்க் கடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பைக்கோடு நின்றிருந்தான். நான் படிப்பதற்காக மேட்டுக்காட்டை விற்றபோது வாயைத் திறக்காதவன். இன்றைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெல்மெட்டை மட்டும் நீட்டினான். கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2 ஏப்ரல்

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, "பொண்ணு பைலட்டா? இல்ல, பைலட்டா இருந்தவங்களா?" என்று கேட்டாள். அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காபி பாதி கூடக் குடித்திருக்கவில்லை.

27 ஏப்ரல்

வெளிநாட்டு எண்ணிலிருந்து போன். ஹெலன் என்று ஓர் அம்மாள். பல நாட்டு விமானிகள் சங்கங்களின் கூட்டமைப்பில் பாதுகாப்புப் பிரிவாம். நான் கையெழுத்துப் போட மறுத்தது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தணிக்கைக் குழு அக்டோபரில் மறுபடி அங்கே போகிறதாம். "காகிதமெல்லாம் சரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை என்று ஒரு விமானி சொன்னால்தான் கேள்வி கேட்க முடியும். எங்களுக்குக் கிடைத்திருப்பது நீங்கள் ஒருவர்தான்."

"சொன்னா என்ன ஆகும்?"

"அந்தத் துறை கொடுத்த லைசென்ஸ்களை எல்லா நாடுகளும் மறுபடி பார்க்கும். நிறைய ரத்தாகும்."

"என்னுதும்?"

"ஆகலாம். உங்களிடம் இதை மறைக்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? சொன்னால் என் லைசென்ஸ் போகும். சொல்லாவிட்டால் இருக்கும், ஆனால் எவனும் மதிக்க மாட்டான்.

12 மே, ஞாயிறு

அருள் அண்ணன் மகள் அனிதாவுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்குகிற விழா. இரண்டு வார லீவில் வந்திருக்கிறார். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி வரதராஜன்பேட்டை போய்ச் சேர்வதற்குள் மாதா கோயிலில் பாதிப் பூசை முடிந்திருந்தது. வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாகப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அனிதா என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டு வாசலில் பந்தல். கேப்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரியாணி வாளியோடு பந்திக்குப் பந்தி ஓடிக்கொண்டிருந்தார். அவர் அப்பா லூர்துராஜ் எல்லாரிடமும், "பிளேன் ஓட்டற கையி, சோறு போடுது பாரு" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

சாப்பாடு முடிந்து கொல்லைப் பக்கம் முந்திரி மரத்தடியில் பேசினோம்.

"ஹெலன்னு ஒரு அம்மா ஒனக்குப் போன் பண்ணுச்சா?"

"பண்ணுனாங்க. உங்களுக்கு?"

"நான் எடுக்கல."

"கடைசியா எப்பண்ணா சிமுலேட்டர் போனீங்க?"

"நீயும் நானும் ஒண்ணாப் போனமே, அதான்."

"ஏறும்போது ஒரு இன்ஜின் நின்னா?"

"நிக்காது." அப்புறம் என்னைப் பார்க்காமல், "வேண்டிக்கிட்டுத்தான் கெளம்பறேன் பானு, தெனமும்" என்றார்.

வளைகுடாவில் ஒரு கம்பெனியோடு பேசிக்கொண்டிருக்கிறாராம். செப்டம்பர் கடைசியில் கூப்பிடுவார்கள். அவர்களே ஒரு மாதம் சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்து, சோதித்து எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

"அதுவரைக்கும் பொறு. நீ இப்ப வாயத் தொறந்தா எல்லாம் போயிடும். நான் அங்க போய்ச் சேந்ததும் நீ என்ன வேணா பேசு. நானும் கூட உக்காந்து பேசறேன். சத்தியமா."

அவர் மனைவி சுகன்யா அக்கா தட்டில் பலகாரம் வைத்து எடுத்துவந்தாள். எவ்வளவு நேரமாகப் பின்கதவில் நின்றாளோ. "புள்ளைங்க இருக்குது பானு" என்றாள்.

திரும்பும்போது அரியலூர் பஸ்ஸ்டாண்டில் சிமெண்ட் லாரிகள் போகிற புழுதியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு மட்டும்தான் இழக்க ஒன்றுமில்லை. அதனால் என் வாய்க்கு வீரம்.

14 மே

ஹெலனுக்கு எழுதிவிட்டேன். இப்போது முடியாது, அக்டோபருக்குப் பிறகு பேசலாம் என்று.

'புரிகிறது. ஆனால் அதற்குள் தணிக்கை முடிந்துவிடும்' என்று பதில்.

30 ஜூன்

மழை ஏமாற்றுகிறது. அப்பா தினமும் வானத்தைப் பார்க்கிறார். பழக்கத்தில் நானும் பார்க்கிறேன். எந்த மேகத்துக்குள் போகலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. எதற்கு இந்தக் கணக்கு இனி?

19 ஆகஸ்ட்

பெரம்பலூரில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்துவிட்டேன். ப்ளஸ் டூ பிசிக்ஸ். தற்காலிகம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "நல்லது, நெழல்ல இருக்குற வேலை" என்றாள்.

6 செப்டம்பர்

அருள் அண்ணனுக்கு வளைகுடாவிலிருந்து தேதி வந்துவிட்டது! இந்த மாதம் முப்பதாம் தேதி. குரலில் அவ்வளவு சிரிப்பு. "இன்னும் மூணே வாரம் பானு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து அவனுங்களக் கிழிப்போம்." நாலு மாதத்தில் இன்றைக்குத்தான் நான் செய்தது சரி என்று தோன்றியது.

17 செப்டம்பர்

விழுந்துடுச்சு.

மத்தியானம் வகுப்பில் இருந்தேன். போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. எடுக்கல. இடைவேளையில் பார்த்தா பழைய குரூப்ல எல்லாரும் ஒரே படத்தை அனுப்பியிருக்காங்க. வால் மட்டும் தெரியுது. ஆத்துக்கு அந்தாண்ட. ஏறின உடனே இடது பக்கம் திரும்பிச் சாய்ஞ்சுதாம்.

யார் ஓட்டினாங்கன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். அவர் நம்பர் போகல. காலையில் டியூட்டியா, மத்தியானமா? எனக்கு எப்படித் தெரியும். மாதாவே — நான் கூடச் சொல்றேன் பாரு.

சுகன்யா அக்காவுக்குப் பண்ணலாமா? அவளுக்குத் தெரியலன்னா? என் குரலைக் கேட்டா தெரிஞ்சுடுமே.

18 செப்டம்பர்

பெயர்கள் வந்துவிட்டன. முதல் பெயர் அவருடையது.

பிழைத்தவர்கள் யாரும் இல்லை.

4 அக்டோபர்

இன்று அடக்கம். திருச்சியிலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அனிதா அந்தப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

லூர்துராஜ் அப்பா என்னிடம் வந்தார். "நீதானம்மா அவன் கூட ஓட்டுன பொண்ணு? எம்மவன் நல்லா ஓட்டுவானா?"

"நல்லா ஓட்டுவாருங்க."

"அப்பறம் ஏன் வுழுந்துச்சு?"

பதில் இருந்தது. சாவு வீட்டில் வைத்து எப்படிச் சொல்வது?

சுகன்யா அக்கா என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, விரட்டவும் இல்லை. நான் நின்ற பக்கம் அவள் முகம் திரும்பவே இல்லை.

9 அக்டோபர்

மே மாதமே பேசியிருந்தால்? தணிக்கை எப்படியும் இந்த மாதம்தானே. அதற்குள் எதுவும் நடந்திருக்காது. ஹெலனும் அப்படித்தான் சொல்கிறார்.

நடந்திருக்காது என்று யாருக்குத் தெரியும்? யாராவது பயந்து நாலு பேரைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கலாம். அந்த நாலு பேரில் அவர் இருந்திருக்கலாம்.

விபத்தைக் காரணம் காட்டித் தணிக்கையையும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

20 நவம்பர்

அந்த நாட்டுத் துறையின் முதல் அறிக்கை. இடது இன்ஜின் நின்றிருக்கிறது. ஒரு இன்ஜினோடு பறந்து திரும்பி வந்து இறங்கக்கூடிய விமானம்தான் அது. கேப்டன் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அவர் உரிய பயிற்சி பெற்றவர். கடைசியாக மே 10 முதல் 13 வரை வெளிநாட்டில் சிமுலேட்டர் பயிற்சி முடித்திருக்கிறார், தேர்ச்சியும் பெற்றிருக்கிறார். ஆகவே...

மே 12. பிரியாணி வாளியோடு ஓடிக்கொண்டிருந்தாரே!

மூன்று முறை படித்தேன். எந்தக் காகிதம் அவரைப் பயிற்சி இல்லாமல் ஏற்றிவிட்டதோ, அதே காகிதத்தை வைத்து இப்போது அவரைக் கொலைகாரன் ஆக்குகிறார்கள். கற்றுக்கொடுத்தோம், அவர்தான் சரியாகச் செய்யவில்லை என்று. செத்தவன் வந்து நான் போகவே இல்லை என்று சொல்வானா?

23 நவம்பர்

சுகன்யா அக்கா வந்தாள். மூன்று பஸ் மாறி, மழையில் நனைந்து, முன்னால் ஒரு போன் கூடப் பண்ணாமல். அம்மா துண்டு கொடுத்தாள். துடைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"டிவில சொல்றான் பானு. பைலட் தப்புன்னு. ஸ்கூல்ல ஒரு பையன் அனிதாகிட்ட, ஒங்கப்பாதான் எல்லாரையும் கொன்னாராமேன்னு கேட்டிருக்கான்."

நான் அவள் கையிலிருந்த துண்டை வாங்கித் தோளில் போர்த்திவிட்டேன்.

"அன்னிக்கு நான்தான் புள்ளைங்க இருக்குதுன்னு சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்ல வந்தேன். புள்ளைங்க இருக்குது. நீ பேசு."

அவள் கைப்பையிலிருந்து புதுநன்மைப் படங்களை எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் அவர் இருந்தார். ஒன்றில் மட்டும் நானும் இருந்தேன், ஓரமாக, சாப்பிட்டுக்கொண்டு.

அப்பா கொல்லைப்புறத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், "பேசுனா ஒன் லைசென்சு போயிடுமா பாப்பா?" என்று கேட்டார்.

"போயிடும்பா."

கொஞ்ச நேரம் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். "சரி, போவட்டும்" என்றார்.

3 டிசம்பர்

பேசிவிட்டேன். டியூஷன் சென்டரின் ஆபீஸ் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோவில். ஹெலனும் தணிக்கைக் குழுவில் இரண்டு பேரும். என் பெயரை மறைக்க வேண்டாம் என்று சொன்னேன். பெயர் இல்லாத சாட்சியால் அருள் அண்ணனுக்கு என்ன பிரயோஜனம்?

எல்லாவற்றையும் சொன்னேன். காபி, கையெழுத்து, ரோஸ்டர், பந்தல், பிரியாணி. படங்களையும் அனுப்பினேன். நன்றாகக் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பிறகு குழுவின் ஆள் சொன்னார்: "விபத்தை விசாரிப்பது அது நடந்த நாட்டின் உரிமை. அவர்கள் முடிவை நாங்கள் மாற்ற முடியாது. உங்கள் வாக்குமூலத்தை அவர்களுக்கு அனுப்புவோம்."

"அவர் அந்த வாரம் இந்தியாவுல இருந்ததுக்கு ஏர்போர்ட்ல பதிவு இருக்குமே?"

"இருக்கும். அதை அவர்கள்தான் கேட்டுப் பெற வேண்டும்."

அவர்கள் கேட்பார்களா? திருடியவனே திருட்டை விசாரிக்கிறான். இதற்குச் சர்வதேச விதி என்று பெயர்.

25 டிசம்பர்

சுகன்யா அக்கா வீட்டில் இந்த வருஷம் ஸ்டார் கட்டவில்லை. நான் போயிருந்தேன். அனிதாவுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

9 பிப்ரவரி 2025

அந்த நாட்டுத் துறை என் லைசென்ஸை ரத்து செய்துவிட்டது. 'பணியிலிருந்து விலக்கப்பட்ட காழ்ப்பில் பொய்த் தகவல் பரப்பிய முன்னாள் ஊழியர்.' படங்கள் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டவை என்று உறுதி செய்ய முடியவில்லையாம். வரதராஜன்பேட்டைக் கோயில் சாமியார் தேதியோடு அனுப்பிய புதுநன்மைப் பதிவு பற்றி ஒரு வரியும் இல்லை.

அண்ணன் இன்று முதல்முறையாகப் பேசினான். "அந்தக் காடு போனதுக்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல பானு. இன்னிக்குத்தான் வருத்தமா இருக்கு." சொல்லிவிட்டு அழுதான். நான்தான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

16 மார்ச்

டில்லிக்கு எழுதிக் கேட்டேன். மாற்றிக்கொள்ள உங்களிடம் லைசென்ஸே இல்லையே என்றார்கள். முதலிலிருந்து படித்து, பறந்து, எல்லாப் பரீட்சையும் எழுத வேண்டும். விற்பதற்கு இன்னொரு காடு இல்லை. இருந்தாலும் விற்க விடமாட்டேன்.

28 ஜூன்

இறுதி அறிக்கை வந்துவிட்டது. காரணம்: உரிய பயிற்சி பெற்றிருந்தும் விமானி தவறியது. என் வாக்குமூலம் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி. 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதாக இல்லை.'

சுகன்யா அக்காவுக்குப் போன் பண்ணிப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுந்துபோய் அணைக்கவில்லை.

21 ஆகஸ்ட்

அந்த நாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். குறைகள் களையப்பட்டனவாம். எல்லாப் பயிற்சிப் பதிவுகளும் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கின்றனவாம். செய்தியோடு ஒரு படம். துறையின் புதிய தலைவர் கைகுலுக்குகிறார். காபி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட அதே கேப்டன்.

ஹெலன் எழுதியிருந்தார். 'மன்னித்துக்கொள்ளுங்கள். நான் இந்த வேலையை விடுகிறேன்.' அந்த நல்ல மனுஷியும் போகிறாள்.

22 ஆகஸ்ட்

இன்று வகுப்பு எடுக்க முடியவில்லை. போர்டில் பாதி எழுதிவிட்டு நின்றுவிட்டேன். தலைவலி என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினேன்.

11 அக்டோபர்

டியூஷன் சென்டரில் நிரந்தரம் செய்துவிட்டார்கள். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். விமானிக்கான மருத்துவச் சான்று போன வாரம் காலாவதி ஆனது. புதுப்பிக்கவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். வரதராஜன்பேட்டைக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூவும் மெழுகுவர்த்தியும். ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு குடும்பம். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இடம் விடுவதற்காகவும் இருக்கலாம்.

லூர்துராஜ் அப்பா வரவில்லை. அறிக்கை வந்த நாளிலிருந்து அவர் பூசைக்கும் போவதில்லையாம், ஆள்கள் இருக்கிற இடத்துக்கே போவதில்லையாம். அனிதா கல்லின் மேல் சாமந்தியைப் பரப்பினாள். கல்லில் பெயரும் தேதிகளும் மட்டும். கேப்டன் என்று போட அக்கா சொல்லியிருந்தாள். வேண்டாம், பார்க்கிறவன் எல்லாம் அதையே பேசுவான் என்று லூர்துராஜ் அப்பாதான் நிறுத்திவிட்டாராம்.

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். அனிதா தோழிகளோடு தண்ணீர் குடிக்கப் போனாள். அக்கா அப்போதுதான் கேட்டாள்.

"பானு, ஒரு இன்ஜின் நின்னுட்டா என்ன செய்யணும்? எனக்குச் சொல்லு."

"எதுக்குக்கா?"

"சொல்லு."

சொன்னேன். இடது இன்ஜின் நின்றால் விமானம் இடது பக்கம் இழுக்கும். உடனே வலது காலால் பெடலை முழுக்க அழுத்த வேண்டும். மூக்கைத் தூக்கக் கூடாது, தூக்கினால் வேகம் போய்விடும். எந்த இன்ஜின் என்று ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை மட்டும் அணைக்க வேண்டும். பிறகு மெதுவாக மேலே ஏறித் திரும்பி வரலாம். சொல்லச் சொல்ல என் கைகள் தானாகவே முன்னால் போய், இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டன. பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்கா."

"இது அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தாரு."

"அப்பறம் என்ன?"

"தெரியறது வேறக்கா. யோசிக்க நேரம் இருக்காது, கால் தானாப் போவணும். அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருதரம்..."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லறை ஓரத்து ஈர மண்ணில் வலது காலை ஊன்றி அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். இன்னும் வேகமாக. நான் எழுந்து அவள் தோளைப் பிடிக்கும் வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

அனிதா வருவதைப் பார்த்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பினேன்.